காங்கேய நாட்டின் வழிகளும் வழிகாட்டிகளும்

கோயம்புத்தூரிலிருந்து பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில், கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி நோக்கிச் செல்லும் 81-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்பவர்கள், பாலக்காட்டுக் கணவாய்க்கும் காவிரிக் கரைக்கும் இடையே ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வணிகச் சாத்துகள் நடந்து பழகிய பிரதேசத்தின் ஊடாகவே தாங்களும் செல்கிறோம் என்பதை அறிந்தால், இந்த வறண்ட பூமியின் மீது தனி மரியாதை கொள்வார்கள். காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்த நீலப்பச்சைக் கற்களும், நொய்யற்கரைக் கொடுமணலில் பட்டை தீட்டப்பட்ட மணிகளும் தூர தேசத்துச் சந்தைகளை நோக்கிப் புறப்பட்டது கொங்குப் பெருவழியில்தான்.

பின்னாளில் வழி சொல்லும் பொறுப்பை அரசே மேற்கொண்டிருந்தது. கோவைக்கு மேற்கே பாறையொன்றில் இராசகேசரிப் பெருவழியின் பெயர், தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலுமாக, இருவகை எழுத்தினரும் படித்தறியும்படி பொறிக்கப்பட்டிருக்கிறது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லோ இன்னும் ஒரு படி மேலே சென்று, நாவற்தாவளம் 29 காதத் தொலைவில் உள்ளது என்பதை எழுத்தில் தெரிவித்ததோடு, இரண்டு பெருங்குழிகளாலும் ஒன்பது சிறு குழிகளாலும் குறித்துக் காட்டுகிறது. எழுத்தறியாத வழிப்போக்கனையும் மனத்தில் வைத்துச் செய்த அந்த ஏற்பாட்டை நான் நம் நாட்டு நிர்வாகத்தின் உயர்ந்த சாதனைகளுள் ஒன்றாகவே கருதுகிறேன்.

ஆனால் கல்லின் உதவி பெருவழியோடு முடிந்துவிடும். கொங்கு நாட்டுக் குடியானவர் பலர் ஊருக்குள் நெருங்கி வாழாமல் தத்தம் தோட்டங்களிலேயே குடியிருப்பவர்கள் ஆதலால், அவர்களை அடைய இட்டேரி என்னும் வேலிச் சந்துக்குள் நுழைந்தாக வேண்டும். இருபுறமும் கிளுவை வேலி, அதற்கப்பால் கொழுக்கட்டைப் புல் விளையும் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம், ஆங்காங்கே வெள்வேல மரம். ஒரு வண்டி போகுமளவே அகலம். ஒன்றைப்போலவே மற்றொன்றும் இருக்கும் திருப்பங்கள். இங்கே வழி அறிந்தவை காங்கேயம் காளைகளே. சந்தை முடிந்து இரவில் திரும்பும் வண்டிக்காரர் கண்ணயர்ந்தாலும், அவை இட்டேரி பிரியுமிடத்தில் தாமே திரும்பித் தோட்டத்துப் படலின் முன் வந்து நிற்கும். வண்டியோடு கூடவே அமைந்த வழிகாட்டி என்று அவற்றைச் சொல்லலாம். ஆயினும் அந்த ஞானம் பழகிய வழிக்கு மட்டுமே உரியது. புதிய ஊருக்குப் போவதானால் எதிர்ப்படுபவரிடம் கேட்டுத்தான் போக வேண்டும்.

மோட்டார் வாகனத்தில் இத்தகைய ஞானத்தை அமைக்கும் முயற்சி 1981-இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனத்தாரால் செய்யப்பட்டது. அவர்களுடைய கருவி செயற்கைக்கோளின் துணையின்றி, சுழற்சிமானியையும் வண்டி ஓடிய தூரத்தையும் கொண்டு, கண்ணாடி போன்ற வரைபடத் தாளின்மீது இருப்பிடத்தைக் காட்டிற்று. 1990-இல் மாஸ்டா நிறுவனத்தின் காரொன்றில் ஜி.பி.எஸ். என்னும் செயற்கைக்கோள் வழிகாட்டு முறை சேர்ந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில், பொதுமக்களுக்கான அதன் சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கிய பிறகு, கையடக்கத் தனிக்கருவிகள் பெருகின. 2009-இல் கூகுள் நிறுவனத்தார் திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் வசதியைக் கைபேசியில் இலவசமாக அளிக்கத் தொடங்கியதும் அவற்றின் வியாபாரம் தளர்ந்தது.

எண்ணெய் ஆலைகளுக்குக் கொப்பரை ஏற்றிவரும் லாரிகளும், திருப்பூருக்குச் சரக்கு கொண்டு போகும் வண்டிகளும் ஓயாத இந்த வட்டாரத்தில், வண்டியிலேயே பதித்த கருவி நல்லதா, கைபேசி போதுமா என்ற கேள்வி இன்று எழுவது இயல்பே. பதித்த கருவி, செயற்கைக்கோள் மறையும் இடத்திலும் சக்கரத்தின் ஓட்டத்தைக் கொண்டு இருப்பிடத்தைக் கணிக்க வல்லது. பெரும்பாலும் தன் வரைபடத்தைத் தன்னிடமே வைத்திருப்பதால், கைபேசிக் கோபுரத்தின் தயவையும் அதிகம் நாடாது. எனினும் அந்த வரைபடம் புதுப்பிக்கப்படாவிட்டால், நேற்றுத் திறந்த புறவழிச்சாலை அதற்குத் தெரியாது. சாலைகள் அடிக்கடி மாறும் நம் பக்கத்துக்கு, வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொண்ட கைபேசியே மேல் என்பது என் துணிபு. பதித்த வரைபடத்துக்கென்று அதிகப் பணம் கொடுப்பதை விட, கைபேசியின் படத்தைத் தன் திரையில் காட்டும் வண்டியை வாங்குவது நலம். பாரம் ஏற்றிய லாரியோடு இட்டேரிக்குள் திரும்புமுன் மட்டும், அவ்வழி அகலம் போதுமா என்று அந்தத் தோட்டத்துக்காரரையே கேட்டுக்கொள்ளுங்கள்.