படகு இயந்திரக் குளிர்விப்பு நீரோட்டச் சோதனை

படகு இயந்திரக் குளிர்விப்பு நீரோட்டச் சோதனை என்பது, கரையேற்றப்பட்ட படகின் இயந்திரத்துக்கு வெளியிலிருந்து நீர் அளித்து, அதனைக் குளிர்விக்கும் நீர் தேவையான அளவில் ஓடுகின்றதா என்று கண்டறியும் பராமரிப்பு முறையாகும். கடலில் படகைச் சுற்றியுள்ள நீரே இயந்திரத்தைக் குளிர்விக்கின்றது. தரையில் அந்நீர் இல்லாமையால், முன்னேற்பாடின்றி இயந்திரத்தை இயக்கினால் புதிய பழுதுகள் உண்டாகும்.

தஞ்சைக் கடற்கரை

நெல் வயல்களுக்குப் பெயர்பெற்ற தஞ்சாவூர் மாவட்டம் தென்கிழக்கில் பாக்கு விரிகுடாவைத் தொடுகின்றது. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் ஆகியவை இங்குள்ள மீன்பிடி ஊர்களாகும். இக்கடல் ஆழம் குறைந்தது. சேறும் கடற்புல்லும் நிறைந்தது. கடற்புல் வெளிகளில் மேயும் கடற்பசுவைக் காப்பதற்காக, 2022 ஆம் ஆண்டில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கி.மீ. கடற்பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இதே புல்லும் சேறும் படகுகளின் நீர் உள்ளிழுக்கும் வாய்களை அடைக்கக்கூடியவை.

நடுக்கடலில் இயந்திரம் சூடேறி நின்றுவிட்டால், காற்றும் நீரோட்டமும் படகை இழுத்துச் செல்லும். 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி வரையப்பட்ட இந்திய-இலங்கைக் கடல் எல்லை இவ்விரிகுடாவின் ஊடே செல்வதால், படகு தன் கட்டுப்பாடின்றி எல்லை கடக்க நேரிடலாம்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஆகும். படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்க ஏற்ற காலம் இதுவே.

குளிர்விப்பு அமைப்பு

உள்பொருத்து டீசல் இயந்திரங்களில் பொதுவாகக் கடல்நீர், படகின் அடியிலுள்ள வால்வு, வடிகட்டி, நீரேற்றி ஆகியவற்றின் வழியாக வெப்பப் பரிமாற்றியை அடைந்து, பின்னர் வெளியேறுகின்றது. இயந்திரத்தின் உள்ளே தனியாகச் சுற்றிவரும் நன்னீர், வெப்பப் பரிமாற்றியில் தன் வெப்பத்தைக் கடல்நீருக்கு அளிக்கின்றது.

வெளிப்பொருத்து இயந்திரங்களில் (அவுட்போர்டு மோட்டார்) அடிப்பகுதியிலுள்ள துளைகள் வழியே நீர் உறிஞ்சப்பட்டு, உருளைகளைச் சுற்றி ஓடி வெளியேறும். அதில் ஒரு சிறு பங்கு பக்கவாட்டுத் துளை வழியே தாரையாகப் பீச்சப்படும். நீரோட்டம் உள்ளதைக் காட்டும் அடையாளம் இத்தாரையே.

நீரேற்றியினுள் பெரும்பாலும் ரப்பர் இதழ்கள் கொண்ட சுழலி (இம்பெல்லர்) உள்ளது. இவ்விதழ்களுக்கு நீரே மசகாகும். நீரின்றி இயக்கினால் உராய்வால் இவை மிகக் குறுகிய நேரத்தில் கருகிக் கிழிந்துவிடும். வயல்களில் பயன்படும் ஆயில் எஞ்சின்கள் பலவற்றிலும், பம்பு இறைக்கும் நீரின் ஒரு பகுதியே எஞ்சினைக் குளிர்விக்கின்றது. எனினும் அங்கு ஓடுவது நன்னீர்; படகில் ஓடுவது உப்பு படியும் கடல்நீர்.

தரையில் நீர் அளிக்கும் முறைகள்

* தொட்டி முறை: வெளிப்பொருத்து இயந்திரத்தின் அடிப்பகுதி, உறிஞ்சு துளைகளுக்கு மேல் நீர் நிற்குமாறு பீப்பாயில் அமிழ்த்தப்படும். உள்பொருத்து இயந்திரத்தில் நீரேற்றியின் உறிஞ்சு குழாய் பீப்பாயில் இடப்படும்.
* குழாய் முறை: உறிஞ்சு துளைகளை மூடும் ரப்பர் கிண்ணங்கள் வழியே குழாய்நீர் செலுத்தப்படும்.

குழாய் முறை எளிதாயினும் அதில் ஒரு குறை உண்டு. குழாய்நீரின் அழுத்தமே நீரை உள்ளே தள்ளுவதால், தேய்ந்த சுழலியும் காற்றுக் கசிவும் வெளிப்படாமல் போகலாம். தொட்டி முறையில் நீரேற்றி தானே நீரை உறிஞ்ச வேண்டியிருப்பதால் அதன் முடிவு கூடுதல் நம்பகமானது. புகைபோக்கியில் நீர் கலக்கும் வகை உள்பொருத்து இயந்திரங்களில், இயந்திரம் நிற்கும்போது அழுத்தமுள்ள குழாய்நீரைத் திறந்து வைத்தால், நீர் புகைவழியில் நிரம்பி உருளைகளுக்குள் புகக்கூடும்.

பழுது கண்டறிதல்

1. நீர் சிறிதும் வரவில்லையெனில் இயந்திரத்தை உடனே நிறுத்த வேண்டும். பின்னர் அடி வால்வு, வடிகட்டி, உறிஞ்சு குழாய் இணைப்புகள், சுழலி என்ற வரிசையில் ஆராயலாம். வார்ப்பட்டையால் இயங்கும் நீரேற்றியாயின் வார்ப்பட்டையின் இறுக்கத்தையும் பார்க்க வேண்டும்.
2. சுழலியின் இதழ் முறிந்திருந்தால் அதன் துண்டுகள் அனைத்தும் தேடி எடுக்கப்பட வேண்டும். எஞ்சிய துண்டு வெப்பப் பரிமாற்றியை அடைத்தால், புதிய சுழலி பொருத்திய பின்னும் பழுது தொடரும்.
3. நீர் குறைவாக வந்தால், நீரேற்றிக்குப் பின்னும் வெப்பப் பரிமாற்றிக்குப் பின்னும் ஓட்டத்தை ஒப்பிட வேண்டும். எவ்விடத்தில் குறைகின்றதோ அதற்கு முன்பே அடைப்பு உள்ளது.
4. வெளிப்பொருத்து இயந்திரத்தில் தாரை மட்டும் நின்றிருந்தால், முதலில் இயந்திரத்தை நிறுத்தி, அத்துளையை மெல்லிய கம்பியால் தூய்மை செய்து பார்க்கலாம்.
5. நீரோட்டம் சீராக இருந்தும் சூடேறினால் உப்புப்படிவு, நன்னீரின் அளவுக் குறைவு, வெப்பநிலைச் சீராக்கி (தெர்மோஸ்டாட்) ஆகியவற்றை ஆராய வேண்டும். சீராக்கியைக் கழற்றி வெந்நீரில் இட்டு, அதில் குறிக்கப்பட்ட வெப்பநிலையில் திறக்கின்றதா எனக் காணலாம்.

2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயலில் இக்கடற்கரையின் படகுகள் பல சேதமடைந்தன. இத்தகைய நிகழ்வுகளில் சேறு புகுந்த இயந்திரங்களில், நீர்வழி முழுவதையும் கழுவிய பின்னரே சோதனை செய்தல் வேண்டும்.

பாதுகாப்பும் வரம்பும்

சோதனையின்போது பல்லிணை நடுநிலையில் இருக்க வேண்டும்; வெளிப்பொருத்து இயந்திரத்தில் உந்தியைக் கழற்றிவிடுதல் நன்று. நீரால் மசகிடப்படும் தண்டுத் தாங்கிகளைத் தரையில் சுழலவிடக் கூடாது. சூடான இயந்திரத்தின் நன்னீர் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிடும்.

தரையில் இயந்திரம் சுமையின்றி இயங்குவதால் குறைந்த வெப்பமே உண்டாகின்றது. ஆகவே தரைச் சோதனையில் தேறிய இயந்திரம், வலையிழுக்கும் சுமையில் மீண்டும் சூடேறலாம். படகை நீரில் இறக்கியபின், கரைக்கு அருகிலேயே சுமையுடன் ஓட்டி வெப்பநிலையைக் கவனித்தால்தான் சோதனை நிறைவுபெறும்.

இவற்றையும் பார்க்க

* டீசல் இயந்திரம்
* வெப்பப் பரிமாற்றி
* பாக்கு நீரிணை