கர்ப்பகாலத் தாய்நலமும் குழந்தைக் கரப்பானும்

குழந்தைக் கரப்பான் என்பது தோல் வறட்சி, சிவப்பு, கடும் அரிப்பு ஆகியவற்றைக் கொண்ட நாட்பட்ட தோலழற்சி ஆகும். இது எக்சிமா என்றும் அழைக்கப்படுகிறது. பெரும்பாலும் பிறந்து சில மாதங்களில் கன்னங்களிலும் உச்சந்தலையிலும் முதலில் தோன்றும். இது தொற்றுநோய் அன்று. மரபும் சூழலும் சேர்ந்தே இந்நோயை உண்டாக்குகின்றன. குழந்தையின் முதற் சூழல் கருப்பை ஆதலால், கர்ப்பகாலத்தில் தாயின் உணவு, உடல்நலம், மனநிலை ஆகியவற்றின் பங்கு ஆராயப்பட்டு வருகிறது.

மரபு

பிலாகிரின் என்னும் புரதம் தோலின் மேலடுக்கை உறுதிப்படுத்தி, ஈரம் வெளியேறாமல் காக்கிறது. இப்புரதத்துக்குரிய மரபணுவில் உள்ள மாற்றங்கள் கரப்பானுக்கு ஒரு முக்கிய காரணி என்பது 2006 ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. இம்மாற்றம் தாய் வழியாகவோ தந்தை வழியாகவோ குழந்தைக்கு வரலாம்.

உணவு விலக்கு

தமிழ் மக்களிடையே கத்தரிக்காய், கருவாடு போன்றவை கரப்பான் பண்டங்கள் எனப்பட்டு விலக்கப்படுவதுண்டு. மேலைநாடுகளில் பால், முட்டை ஆகியவற்றைக் கர்ப்பிணிகள் தவிர்த்தால் பயன் உண்டா எனச் சோதிக்கப்பட்டது. இச்சோதனைகளைத் தொகுத்து நோக்கிய கொக்ரேன் மீளாய்வு, அவ்விலக்கு கரப்பானைத் தடுப்பதற்குச் சான்று காணவில்லை. மாறாக, உணவை விலக்கிய தாய்மாரின் கர்ப்பகால எடை அதிகரிப்பு சற்றுக் குறைந்திருந்தது.

ஊட்டச்சத்தும் நுண்ணுயிரிகளும்

* பின்லாந்தின் தூர்க்கு நகரில், ஒவ்வாமை நோயுள்ள குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகளுக்கு லாக்டோபசில்லஸ் பாக்டீரியா கொடுக்கப்பட்டது. பிறப்பின் பின் 6 மாதங்களுக்கும் அது தொடர்ந்தது. 2001 இல் வெளியான முடிவின்படி, 2 வயதில் கரப்பான் கண்ட குழந்தைகள் 23%. பாக்டீரியா பெறாத பிரிவில் 46%. பிறப்பின் பின்னும் கொடுக்கப்பட்டதால், கர்ப்பகாலத்தின் பங்கை மட்டும் இதிலிருந்து பிரித்தறிய இயலாது.
* இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் 1000 அலகு உயிர்ச்சத்து டி கொடுத்த ஆய்வின் முடிவு 2022 இல் வெளியானது. அக்குழந்தைகளிடம் 12 மாதத்தில் கரப்பான் குறைவாக இருந்தது. 24, 48 மாதங்களில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை.
* டென்மார்க்கில் கர்ப்பிணிகளுக்கு மீனெண்ணெய் கொடுத்த ஆய்வில் (2016) குழந்தைகளின் இழைப்பு நோய் குறைந்தது, கரப்பான் குறையவில்லை.

மனநிலை

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரப் பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில் (2017), கருத்தரிக்கும் முன்னரே மன உளைச்சல் கொண்டிருந்த பெண்களின் குழந்தைகளுக்கு 12 மாதத்தில் கரப்பான் சற்று அதிகமாகக் காணப்பட்டது. இது ஒரு தொடர்பு மட்டுமே. உளைச்சலே காரணம் என இதனால் நிறுவப்படவில்லை.

தாய்மாருக்கான பொருள்

குழந்தையின் கரப்பானுக்குத் தாய் உண்ட உணவையோ அவரது கவலையையோ காரணமாகக் காட்டுவதற்கு இவ்வாய்வுகள் இடம் தரவில்லை. சத்தான உணவைக் குறைப்பது தாய், சேய் இருவருக்கும் கேடு விளைவிக்கலாம். உயிர்ச்சத்து மாத்திரைகளை மருத்துவரின் அறிவுரைப்படியே உட்கொள்ளல் வேண்டும். நோய் தோன்றிய பின் ஈரப்பதமூட்டும் களிம்புகளும், மருத்துவர் பரிந்துரைக்கும் அழற்சி தணிக்கும் பூச்சு மருந்துகளும் பயன்படுத்தப்படுகின்றன. வளர வளரப் பல குழந்தைகளில் இந்நோய் தணிகிறது.