கஞ்சித் தொட்டி முதல் வீட்டு வாசல் வரை: திருவொற்றியூர்ச் சாலையில் கிறிஸ்தவ அன்னதானத்தின் வரலாறு

வடசென்னையின் மூத்தவர்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை என்றால் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி'தான். பஞ்சத்தில் கஞ்சி வார்த்த இடத்தில் மருத்துவமனை வளர்ந்தது என்ற செய்தி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியில் கிறிஸ்தவர்கள் நடத்திய அன்னதானத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கொடுத்தவர்களின் பெயர்களை அடுக்குவார்கள். கஞ்சிக்கு ஈடாக வாங்குபவரிடம் என்ன கேட்கப்பட்டது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இந்த வரலாற்றின் திருப்பங்கள் எல்லாம் அந்தக் கேள்வியில்தான் நேர்ந்திருக்கின்றன.

1780இல் ஹைதர் அலியின் படை சென்னையைச் சூழ்ந்த கர்நாடிகப் பகுதிக்குள் புகுந்தது. பயிர் அழிந்தது, கிராமங்கள் காலியாயின, பஞ்சம் பட்டவர்கள் சென்னையை நோக்கி வந்தார்கள். நகர மதிலுக்கு வடக்கே 1782இல் மணியக்காரர் சத்திரம் கஞ்சி வார்க்கும் இடமாகத் தொடங்கியது. 1680இல் திறக்கப்பட்ட கோட்டைப் புனித மரியாள் ஆலயத்தின் சபைக் குழு, அதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஏழைகள் நிதியைக் கையாண்டு வந்தது. 1715இல் அறப்பள்ளி ஒன்றையும் ஏற்படுத்தியது. சந்தா திரட்டுவது, குழு அமைப்பது, கணக்கு எழுதி ஒப்புவிப்பது என்ற ஆலய நிர்வாக முறை கம்பெனியாரின் பஞ்ச நிவாரணத்திலும் தெரிகிறது. தமிழகத்துக்குச் சோறு போடக் கற்றுத்தர வெளியிலிருந்து யாரும் வரவேண்டியிருக்கவில்லை. கிறிஸ்தவ அமைப்புகள் சேர்த்தது கணக்குப் புத்தகத்தை. இதைக் குறைத்துச் சொல்லவில்லை. பல அறங்கள் தர்மகர்த்தா காலமானதோடு நின்றுபோயின; மணியக்காரர் சத்திரம் முதியோர் இல்லமாக இன்றும் நடக்கிறது. கம்பெனி மருத்துவர் ஜான் அண்டர்வுட் 1799இல் தொடங்கிய மருத்துவப் பணி பின்னர் இதனோடு சேர்ந்து, காலப்போக்கில் ஸ்டான்லியாக வளர்ந்தது.

கணக்குப் புத்தகம் வந்ததும் ஆட்களைப் பிரிப்பதும் வந்தது. ஏழை ஐரோப்பியருக்கும் கலப்பினத்தவருக்கும் 1812இல் 'ஃபிரெண்ட் இன் நீட் சொசைட்டி' தனியாக ஏற்பட்டது. சத்திரம் உள்ளூர்க்காரர்களுக்கு என்றானது.

சில பத்தாண்டுகள் கழித்து அயர்லாந்தில் நடந்ததையும் இங்கே பார்க்க வேண்டும். உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது 1847 கோடையில் அரசுச் சூப்புக் கூடங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பேருக்கு உணவளித்தன. குவேக்கர்கள் நிபந்தனை எதுவும் வைக்காமல் ஊற்றினார்கள். சில புராட்டஸ்டன்ட் சங்கங்களோ சூப்போடு மதத்தையும் நீட்டியதாகப் பழி சுமந்தன. 'சூப்புக் குடித்தவர்கள்' என்பது அங்கே தலைமுறைகள் தாண்டிய வசைச்சொல். அந்த நிவாரணத்தை லண்டன் கருவூலத்திலிருந்து இறுக்கிப் பிடித்து நடத்திய சார்லஸ் டிரெவெல்யன்தான் 1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்தார். பஞ்ச நிர்வாகக் கோட்பாடுகள் பேரரசுக்குள் அதிகாரிகளோடு சேர்ந்தே இடம் மாறின.

அந்தக் கோட்பாடுகளின் முழு உருவம் தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) வெளிப்பட்டது. இந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட பஞ்சம் அது. 1877 தொடக்கத்தில் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்தார். சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடினார். கூலியைவிடக் கஞ்சி விஷயத்தில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உண்மையான ஏழை யார் என்று கண்டுபிடிக்க அதிகாரிகள் மூன்று சல்லடைகளைப் பேசினார்கள்: வீட்டிலிருந்து தூரமாகப் போய் வேலை செய்வது, முகாமிலேயே தங்குவது, சமைத்த உணவை வாங்குவது. அரிசியாகக் கொடுத்தால் விற்றுவிடலாம். கஞ்சியாகக் கொடுத்தால் மாலைக்குள் புளித்துப்போகும், அங்கேயே குடித்தாக வேண்டும். அதோடு, யாரோ சமைத்ததை, யார் யாரோடோ வரிசையில் உட்கார்ந்து குடிக்கச் சாதி இந்துக்கள் கூசுவார்கள். அந்தக் கூச்சத்தையும் தாண்டி வருபவனே நிஜமான பசிக்காரன் என்பது கணக்கு. சாதியை அநாகரிகம் என்று ஏசிய ஆட்சி, செலவைக் குறைக்க அதையே காவலுக்கு நிறுத்தியது.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1867 மே 23 அன்று, வடலூரில் வள்ளலார் தருமச்சாலையைத் திறந்திருந்தார். சென்னை ஏழுகிணற்றில் வாழ்ந்த காலத்தில் அவர் அடிக்கடி நடந்து போய் வழிபட்டது திருவொற்றியூரில். மணியக்காரர் சத்திரம் இருந்ததும் அந்தப் பக்கம்தான். அவர் அதைக் கண்டுதான் தருமச்சாலை அமைத்தார் என்று சொல்ல முகாந்திரம் இல்லை. ஆனால் இரண்டையும் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. இரண்டு இடத்திலும் சமைத்த உணவுதான். முகாமில் அது ஆளை வடிகட்டுவதற்கு. தருமச்சாலையில் சாதி பார்க்காமல் யாரையும் உட்கார வைப்பதற்கு.

மிஷனரிகள் இவ்விரண்டுக்கும் நடுவே நின்றார்கள். 1877 ஆகஸ்டில் சென்னையில் நடந்த பொதுக்கூட்டத்துக்குப் பின் லண்டனில் திரண்ட மான்ஷன் ஹவுஸ் நிதி ஆறரை லட்சம் பவுனைத் தாண்டியது. அதை விநியோகித்த உள்ளூர்க் குழுக்களில் பாதிரிமார்களும் இருந்தார்கள். பசிக்காக மதம் மாறுகிறவர்களை என்ன செய்வது என்ற கேள்வியை நேராகச் சந்தித்தவர் ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் ஜான் கிளஃப். திருவொற்றியூருக்கு மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயின் வடக்குப் பகுதியில் சுமார் மூன்றரை மைலைத் தோண்டும் ஒப்பந்தத்தை அவர் எடுத்து, பஞ்சம் பட்டவர்களுக்குக் கூலி கொடுத்தார். பஞ்சம் தீரும்வரை யாருக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்று நிறுத்தியும் வைத்தார். பிறகு 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். கிளஃபின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கூலி கொடுத்த கையை அவ்வளவு சீக்கிரம் யாரும் மறந்துவிடுவதில்லை. மாறியவர்களில் பெரும்பாலோர் தீண்டாமைக்கு உட்பட்ட மாதிகர்கள் என்பதால், கூலிக்காகவே மாறினார்கள் என்று முடித்துவிடுவதும் தவறு. ஞானஸ்நானத்துக்காக ஆற்றில் இறங்கியவர்கள் வயிற்றோடு மானத்தையும் எண்ணியிருப்பார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் கேள்வியின் களமே மாறியது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு போட்டது. 1948 தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் கட்டாயம் என்றது. அசோக் லேலண்டும் என்ஃபீல்டும் புகைபோக்கி எழுப்பிய எண்ணூர், திருவொற்றியூரில் நிரந்தரத் தொழிலாளிக்குச் சாப்பாடு உரிமையானது. 2013இல் வந்த அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் நீட்டினால் இட்லி கிடைத்தது. எந்தச் சாதி, எங்கே வேலை, எந்தச் சாமி என்று கல்லாவில் கேட்பதில்லை. சல்லடைகளை ஒரு ரூபாய் நாணயம் ஒதுக்கித் தள்ளியது.

எஞ்சியது, அந்தக் கல்லாவரைக்கும் நடந்துவர முடியாதவர்கள். அன்னை தெரசாவின் சகோதரிகள் இராயபுரத்தில் இல்லம் நடத்துவதும் கைவிடப்பட்டவர்களுக்காகவே. 1833இல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானாம் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை தமிழகக் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் இயங்குகிறது. உறுப்பினர்கள் ஏழையின் வீட்டுக்கு நேரில் போக வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. முகாமில் பசித்தவன் மைல்கணக்கில் நடந்துவந்து தன் ஏழ்மையை நிரூபித்தான். இங்கே அரிசிப் பையோடு மாடிப்படி ஏறுவது கொடுப்பவரின் வேலை. ஆனாலும் எந்த வீட்டுக்குப் போவது என்பதைப் பங்கின் கூட்டம்தான் முடிவு செய்கிறது. 1782இல் வந்த கணக்குப் புத்தகம் அங்கேயும் திறந்துதான் இருக்கிறது.