செயலமர்வு முடிந்த பின்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் விஞ்ஞான ஆசிரியரின் தொழில்சார் விருத்தி

இலங்கையில் விஞ்ஞான ஆசிரியர்களுக்குச் சேவைக்காலப் பயிற்சி கிடைப்பதில்லை என்று யாரும் முறையிட முடியாது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மகரகமவில் தேசிய கல்வி நிறுவகம் உருவானது. அதே காலத்தில் தேசிய கல்வியியற் கல்லூரிகள் தொடங்கின. பின்னர் ஆசிரிய மத்திய நிலையங்கள் எழுந்தன. யாழ் மாவட்டத்தின் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய ஐந்து வலயங்களிலும் ஆசிரிய ஆலோசகர்கள் பணியாற்றுகிறார்கள். செயலமர்வுகள் நடக்கின்றன, ஆசிரியர்கள் வருகிறார்கள், கையொப்பமிடுகிறார்கள், குறிப்பெடுக்கிறார்கள், மறுநாள் பாடசாலைக்குத் திரும்புகிறார்கள். வகுப்பறையில் விஞ்ஞானம் கற்பிக்கப்படும் விதம் மட்டும் அந்த அளவுக்கு மாறவில்லை. வளப்பற்றாக்குறை, பாடவிதானச் சுமை, ஆசிரியரின் அக்கறையின்மை என்று மூன்று காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்படும். முதலிரண்டும் உண்மை. மூன்றாவது பெரும்பாலும் அநியாயமான குற்றச்சாட்டு. இக்கட்டுரை வேறொரு காரணத்தை முன்வைக்கிறது: நமது செயலமர்வுகள் பாடத்திட்டத்தை அலகாகக் கொண்டு அமைகின்றன, பரிசோதனையை அலகாகக் கொண்டு அமைவதில்லை.

இந்த அமைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஒருங்கிணைந்த விஞ்ஞானத்தை நாடெங்கும் கொண்டு சென்றபோது, ஆயிரக்கணக்கான ஆசிரியர்களைக் குறுகிய காலத்தில் ஆயத்தப்படுத்த வேண்டியிருந்தது. மையத்தில் சிலரைப் பயிற்றுவித்து, அவர்கள் வழியாகப் பலரைப் பயிற்றுவிப்பதே அன்று இயன்ற வழி. 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டமும் ஈடுபடுத்தல் முதல் மதிப்பிடல் வரையான ஐந்து படிகளைக் கொண்ட கற்பித்தல் மாதிரியும் வந்தபோதும் அதே வழிதான். மகரகமவிலிருந்து மாகாணத்துக்கு, மாகாணத்திலிருந்து வலயத்துக்கு, வலயத்திலிருந்து ஆசிரியருக்கு. புதிய அலகு எது, நீக்கப்பட்டது எது, பாடவேளைகள் எத்தனை என்ற செய்திகளை இவ்வழி பிழையின்றிக் கொண்டு சேர்க்கும். அதற்கு அது இன்றும் தேவை. ஆனால் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கும்போது, மேலே செய்து காட்டப்பட்டது கீழே சொல்லப்படுகிறது. அதற்கும் கீழே அது பிரதி எடுத்த தாளாகக் கொடுக்கப்படுகிறது. மாணவர் தாமே தேடிக் கண்டறிய வேண்டும் என்ற கருத்தை மூன்று மணி நேர விரிவுரையில் கேட்டுவிட்டு வருகிற ஆசிரியர், அதை எங்கே கண்ணால் கண்டார்?

ஒரு சிறு பரிசோதனையை எடுத்துப் பார்ப்போம். சுண்ணாம்புநீரினுள் காபனீரொட்சைட்டைச் செலுத்தினால் அது பால்நிறமாகும், மேலும் செலுத்தினால் தெளியும் என்று பாடநூலில் படித்து மாணவர் அனைவரும் எழுதுவர். வகுப்பில் செய்யும்போது நடப்பது அத்தனை ஒழுங்காக இருப்பதில்லை. முதலாவது சிக்கல் போத்தலில் இருக்கிறது. மூடி இறுகாமல் அலுமாரியில் கிடந்த சுண்ணாம்புநீர் வளியிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்கனவே உறிஞ்சி, மேலே மெல்லிய ஆடை படர்ந்து, ஊதினாலும் கலங்காத நிலையில் இருக்கும். போத்தலைக் குலுக்கிவிட்டால் அடிமண்டி கலந்து, ஊதுவதற்கு முன்பே கலங்கலாக இருக்கும். புதிதாகத் தயாரித்து வடித்து எடுத்தால் பால்நிறம் சரியாக வரும். ஆனால் மாணவர் எவ்வளவு நேரம் மூச்சை ஊதினாலும் அது தெளியாது.

ஏன்? வெளிமூச்சில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 4 சதவீதம் மட்டுமே. நிரம்பிய சுண்ணாம்புநீரில் லீற்றருக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம் கல்சியமைதரொட்சைட்டு உண்டு. அதிலிருந்து வீழ்படிவாகும் கல்சியம் காபனேற்று முழுவதையும் இருகாபனேற்றாகக் கரைத்து வைத்திருக்க மூச்சிலுள்ள வாயு போதாது. தூய வாயுவைச் செலுத்தினாலும் சுண்ணாம்புநீரை முதலில் நன்கு ஐதாக்கிக்கொள்ள வேண்டும். வாயுவைச் சுண்ணாம்புக் கல்லிலிருந்தும் ஐதரோகுளோரிக்கமிலத்திலிருந்தும் பெறுவதாயின் இன்னுமொரு பொறி உண்டு. வாயுவோடு அமிலத் துளிகளும் சேர்ந்து வந்தால் கரைசல் உடனே தெளிந்துவிடும், ஆசிரியர் மகிழ்ந்துவிடுவார், ஆனால் அதைத் தெளிய வைத்தது அமிலம். இதைக் கண்டுபிடிக்க வழி எளிது. தெளிந்த கரைசலைக் கொதிக்க வைத்தால், இருகாபனேற்றாயின் அது மீண்டும் கலங்கும். அமிலம் கரைத்ததாயின் கலங்காது. வாயுவை முதலில் நீரினூடாகச் செலுத்திக் கழுவினால் சிக்கல் தீரும்.

பரிசோதனையைச் செய்து, அது பிழைத்து, மறுபடி செய்து பார்த்தவருக்கே இவை தெரியும். வழிகாட்டி நூலில் இவற்றுக்கு இடம் போதாது. அரை மணி நேரக் காட்சிப்படுத்தலிலும் இவை வெளிப்படுவதில்லை, ஏனெனில் வளவாளர் முன்கூட்டியே எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டு வருகிறார். அவரது திறமை பிழைகளை மறைத்துவிடுகிறது. ஆசிரியருக்கு வேண்டியதோ அந்தப் பிழைகள்தான். பாடப்பொருளை அறிந்திருப்பது ஒன்று, அதைக் கற்பிக்கத் தக்கதாக அறிந்திருப்பது இன்னொன்று என்று கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் 1986இல் வேறுபடுத்திக் காட்டினார். விஞ்ஞான ஆசிரியரைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது அறிவில் பெரும்பங்கு, எந்தப் பரிசோதனை எந்த இடத்தில் பிழைக்கும், பிழைத்தால் அதிலிருந்து எந்தக் கேள்வியை எழுப்பலாம் என்பதே.

இந்தப் பரிசோதனை குடாநாட்டுக்கு வெறும் பாடநூல் விடயமுமல்ல. நமது காலடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று அக்கல்லைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. அந்த நீரைக் கேத்திலில் கொதிக்க வைக்கும்போது அடியில் வெள்ளைப் படிவு சேர்கிறது. குடாநாட்டில் இதைக் காணாத வீடு குறைவு. மேற்கூறிய பரிசோதனையின் இரண்டாம் பாதி நாள்தோறும் அடுப்பில் நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் படிவைச் சுரண்டி எடுத்து எலுமிச்சம்புளி விட்டால் நுரைக்கும். அது காபனேற்று என்பதை மாணவர் தாமே காட்டலாம். நிலாவரைக் கிணற்றின் ஆழத்தில் உவர்நீரும் மேலே நன்னீரும் இருப்பது அடர்த்தி பற்றிய பாடம். நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அலகு உயர்ந்திருந்தால் கீழே ஏறத்தாழ நாற்பது அலகு ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்ற கைபன்-ஹெர்ஸ்பேர்க் தொடர்பு, உயர்தரப் பௌதிகவியல் மாணவர் நீர்நிலையியலிலிருந்து தாமே பெறக்கூடியது. கிணற்றை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறுவதன் காரணமும் அதில் அடங்கியிருக்கிறது. வலிகாமத்தின் செறிந்த பயிர்ச்செய்கைப் பகுதிகளில் பல கிணறுகளின் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் விதந்துரைக்கும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் பொதுமக்கள் போராட்டமாகவும் நீதிமன்ற வழக்காகவும் ஆனது. ஆனையிறவு உப்பு, பரந்தனில் அவ்வுப்பை மின்பகுத்துப் பெற்ற எரிசோடாவும் குளோரினும், காங்கேசன்துறைச் சீமெந்து ஆகிய மூன்றும் கைத்தொழில் இரசாயனப் பாடத்தில் வருபவை; மூன்றையும் இப்பிரதேச மக்கள் கண்ணால் கண்டார்கள். கருப்பநீர் புளிக்காமலிருக்க முட்டியில் சுண்ணாம்பு பூசும் சீவல் தொழிலாளியின் செயல், நுண்ணங்கி நொதித்தலையும் காரத்தன்மையையும் ஒருங்கே கற்பிக்கும். நாடு முழுவதுக்கும் ஒரே உள்ளடக்கத்தோடு தயாராகும் செயலமர்வில் இவை நுழைவதில்லை. நுழைய வேண்டும் என்று மையத்தை எதிர்பார்ப்பதும் பொருந்தாது. இதைச் செய்ய வேண்டியது இங்குள்ள ஆசிரியர் கூட்டம்.

அப்படியொரு கூட்டு அறிவு இங்கே ஒருகாலத்தில் மிக வலுவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மின்கலம், மண்ணெண்ணெய், பசளை எல்லாம் கட்டுப்பாட்டுக்குள்ளாயின. சனங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள், சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழக் களியால் துணி துவைத்தார்கள், போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். அந்த ஆண்டுகளிலும், 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பின்னரும், விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு செய்முறை காட்டினார்கள். குறைந்த செலவு உபகரணம் என்று இன்று திட்ட அறிக்கைகள் பேசுவதை அவர்கள் கட்டாயத்தால் செய்தார்கள். அந்த அறிவு எழுதப்படவில்லை. அவர்களிற் பெரும்பாலோர் இளைப்பாறிவிட்டார்கள். பலர் நாட்டில் இல்லை. இழப்பு பெரிது. போருக்குப் பின் ஆய்வுகூடக் கட்டடங்கள் வந்தன, கணினிகள் வந்தன. கையிலிருந்து கைக்குப் போக வேண்டிய அந்த அறிவு மட்டும் இடையில் அறுந்தது.

இனி ஆசிரியரின் நிலை. தரம் 6 முதல் 11 வரை விஞ்ஞானம் ஒரே பாடம். உயிரியலில் பட்டம் பெற்றவர் மின்னோட்டத்தையும், பௌதிகவியல் கற்றவர் தாவர இழையங்களையும் கற்பிக்க வேண்டும். தாம் கற்காத பகுதியைக் கற்பிக்கும்போது செய்முறையைத் தவிர்ப்பது மனித இயல்பு. பக்கத்து மேசையில் இன்னொரு விஞ்ஞான ஆசிரியர் இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நகரத்துப் பெரிய பாடசாலைகளில் அது இயலும். 2010களில் உலக வங்கி நிதியோடு முன்னெடுக்கப்பட்ட, பாடசாலையை அடிப்படையாகக் கொண்ட ஆசிரியர் விருத்தித் திட்டம் இத்தகைய சக ஆசிரியர்கள் இருப்பார்கள் என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. அதன் நோக்கம் சரியானது. ஆனால் நெடுந்தீவிலோ எழுவைதீவிலோ முழுப் பாடசாலைக்கும் ஒரே விஞ்ஞான ஆசிரியர் என்றால் அவர் யாரோடு கலந்துரையாடுவது? குறிகட்டுவானிலிருந்து படகேறிப் போய்வரும் ஒருவருக்குப் பாடசாலைக்குள் தொழில்சார் சமூகம் கிடையாது. அவருக்கு உகந்த அலகு பாடசாலைகளின் கொத்தணி.

இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1972இல் கிஷோர் பாரதி, பிரெண்ட்ஸ் றூரல் சென்ரர் ஆகிய இரண்டு அமைப்புகள் ஹொஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பாடசாலைகளில் ஒரு விஞ்ஞானக் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கின. பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கிராமத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து பரிசோதனைகளைச் செய்தார்கள். விடுமுறையில் நீண்ட பயிற்சி. அதன் பின் மாதந்தோறும் கொத்தணி மட்டத்தில் கூட்டம். வகுப்பில் எது பிழைத்தது என்பது அக்கூட்டத்தின் பேசுபொருள். ஆசிரியர்கள் சொன்னதைக் கொண்டு பாடநூலே திருத்தப்பட்டது. பரீட்சையும் மாறியது: புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தாளும் செய்முறைத் தேர்வும் வந்தன. 1982இல் ஏகலவ்யா நிறுவனம் இப்பணியை ஏற்றது. 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டுகள் நிலைத்த ஒன்று அரசாணை ஒன்றால் முடிந்தது என்பதும் நாம் கவனிக்க வேண்டியதே; திணைக்களத்தின் வழமைக்குள் வேரூன்றாத எதுவும் இப்படி நிறுத்தப்படலாம்.

பரீட்சை பற்றிய ஆட்சேபத்தை இங்கே நேராக எதிர்கொள்ள வேண்டும். இலங்கையில் உயர்தர விஞ்ஞானப் பாடங்களுக்குத் தனியான செய்முறைப் பரீட்சை இல்லை. செய்முறை அறிவு கட்டமைப்பு வினாக்களில், எழுத்தில் சோதிக்கப்படுகிறது. எழுத்தில் கேட்கப்படுவதை எழுத்திலேயே ஆயத்தப்படுத்தலாம் என்பதைக் குடாநாட்டின் தனியார் கல்வி நிலையங்கள் நன்றாக நிறுவிவிட்டன. அளவியைத் தொடாத மாணவர் நியமிப்பு வினாவுக்கு முழுப்புள்ளி பெறுகிறார். பெற்றோர் அதில் நிறைவடைகிறார்கள், அதிபரும் நிறைவடைகிறார். இந்நிலையில் செய்முறையில் நேரம் செலவிடும் ஆசிரியர் தன் மாணவரை ஆபத்துக்குள்ளாக்குகிறார் என்ற எண்ணம் நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் அதே வினாத்தாள்களை ஊன்றிப் பார்த்தால், பரிசோதனையில் ஏற்படும் வழு, அதைக் குறைக்கும் முறை, ஒரு படியை மாற்றினால் விளையும் மாற்றம் ஆகியவை கேட்கப்படுவது தெரியும். மனனம் செய்தவர் தடுமாறுவது இந்த இடத்திலேயே. பிழைத்த பரிசோதனையை வகுப்பில் பேசிய ஆசிரியரின் மாணவர் இங்கே முந்துவர். இது என் துணிபு. குடாநாட்டுப் பாடசாலைகளில் இதை முறையாக ஒப்பிட்டு ஆராய்வது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறைக்கும் விஞ்ஞான பீடத்துக்கும் தகுந்த ஆய்வுப் பொருள்.

பயிற்சியால் முதலில் ஆசிரியரின் நம்பிக்கை மாறும், பிறகு வகுப்பறை மாறும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கல்வி ஆய்வாளர் தோமஸ் குஸ்கி 1986இல் இந்த ஒழுங்கைத் திருப்பிப் போட்டார்: மாணவரிடம் பலன் தெரிவதைக் கண்ட பிறகே ஆசிரியரின் நம்பிக்கை மாறுகிறது. இதை ஏற்றுக்கொண்டால் ஒருநாள் செயலமர்வு எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் பாதி வேலையே. ஆகவே முழுநாள் அமர்வை இரண்டு அரைநாள்களாகப் பிரிக்கலாம். முதல் அமர்வில் இரண்டு பரிசோதனைகளை மட்டும் ஆசிரியர்கள் தம் கையால், தம் பாடசாலையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்வார்கள். வளவாளர் பேசாமல் சுற்றி வருவார். அடுத்த சில வாரங்களில் அவற்றை வகுப்பில் செய்து, நடந்ததை எழுதிக்கொண்டு இரண்டாம் அமர்வுக்கு வருவார்கள். இரண்டாம் அமர்வில் விரிவுரை இல்லை; கொண்டுவந்த குறிப்புகளும் மாணவர் கொப்பிகளும்தான் பொருள். ஒவ்வோர் ஆசிரிய மத்திய நிலையத்திலும் இக்குறிப்புகள் ஒரு பதிவேட்டில் சேர வேண்டும்: பரிசோதனையின் பெயர், பிழைத்த இடம், சரிசெய்த விதம், மாணவர் கேட்ட எதிர்பாராத கேள்வி. ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனாலும் பதிவேடு அங்கேயே இருக்கும். இளைப்பாறிய ஆசிரியர்களை இவ்வமர்வுகளுக்கு அழைத்தால், தொண்ணூறுகளின் அறிவில் எஞ்சியிருப்பதையும் அதில் சேர்க்கலாம்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. தேவைப்படுவது நிர்வாகத் தீர்மானம். இரண்டாம் அமர்வுக்கும் முதலாவதைப் போலவே கடமை லீவும் போக்குவரத்துப் படியும் வழங்கப்பட வேண்டும். தீவகத்து ஆசிரியருக்குப் படகு நேரத்தைக் கணக்கிலெடுத்து அமர்வின் நேரம் குறிக்கப்பட வேண்டும். வகுப்பில் அப்பரிசோதனைக்கு அவர் எடுத்துக்கொண்ட இரண்டு பாடவேளைகளை, பாடத்திட்டம் பிந்திவிட்டதாக மேற்பார்வைக் குறிப்பில் எழுதக்கூடாது. இந்த மூன்றையும் வட மாகாணக் கல்வித் திணைக்களம் தன் அதிகாரத்துக்குள்ளேயே, கொழும்பின் அனுமதிக்குக் காத்திராமல் செய்யலாம்.