விருதுப் பட்டியலும் தோல் தொட்ட கைகளும்



2025 குடியரசு நாளையொட்டி வந்த பத்மஸ்ரீ பட்டியலில் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானின் பெயர் இருந்தது. சாவுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கப்பட்ட கருவியை மேடையில் முழங்கியவர், மாணவர்களுக்குக் கற்றுத் தந்தவர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று தோலோடு வாழும் நாம் அதை நம் வீட்டுச் செய்தியாகவே கொண்டாடினோம். கூடவே ஒரு கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கிறது. கலையில் வாழ்நாள் சாதனை என்று இந்த நாடு யாருடைய உழைப்பைக் கணக்கில் எடுக்கிறது?

பத்ம விருதுகள் 1954இல் தொடங்கின. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயருக்கு 1971இல் பத்மபூஷண் கிடைத்தது. அவர் கேட்ட நாதத்தைத் தோலில் கொண்டுவந்தவர் தஞ்சாவூர் மிருதங்கத் தொழிலாளர் பர்லாந்து. மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் சேராமல் மிருதங்கம் இல்லை. எந்தத் தோல் எப்படிப் பேசும் என்ற அறிவு தலித் கிறித்தவக் குடும்பங்களிடம் இருந்தது. விருதுப் பட்டியலில் அந்த அறிவுக்குப் பெயர் இல்லை. அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய நூல் 2020இல்தான் வந்தது. அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கைச் சென்னை கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டதையும் நாம் பார்த்தோம்.

மிருதங்கத் தோல் வேறு, செருப்புத் தோல் வேறு. இரண்டையும் தொடும் கைக்குச் சாதி வைத்த பெயர் ஒன்றுதான்: தீட்டு. சுண்ணாம்புத் தொட்டியில் நின்று முடி கழித்த, சதை சீவிய, தடவிப் பார்த்தே தோலின் தரம் சொல்கிற மூத்தவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஏற்றுமதிக் கணக்கில் அந்த அறிவுக்கு விலை உண்டு. பண்பாட்டுக் கணக்கில் இடம் இல்லை. பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன் போன்றோரின் எழுத்தில்தான் இந்த மண்ணின் வாழ்க்கை பதிவாயிற்று.

பதிவு இல்லாமல் அங்கீகாரம் வராது. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் 1914இல் மறைந்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவருடைய சிந்தனைகள் 1999இல் வெளிவந்தன. அரசு அஞ்சல் தலை வெளியிட்டது 2005இல். இதழ்களைத் தேடித் தொகுத்த உழைப்புதான் ஆய்வுலகத்தின் கதவைத் திறந்தது.

இன்று பத்ம விருதுக்கு எவரும் இணையத்தில் பரிந்துரைக்கலாம். அதிகபட்சம் 800 சொற்களில் சாதனையை எழுத வேண்டும். வழி திறந்துதான் இருக்கிறது. ஆனால் பறைக்குத் தோல் கட்டும் பெரியவருக்காக அந்த 800 சொற்களை யார் எழுதுவது? மறைந்தவர்களுக்குப் பொதுவாக இந்த விருது கிடையாது, காத்திருக்க நேரமில்லை.

விருது கிடைத்தால்தான் மதிப்பு என்று நாம் சொல்லவில்லை. அரசு தராவிட்டாலும் அந்த 800 சொற்கள் நம்மிடம் இருக்க வேண்டும். மாணவர்களே, இந்த விடுமுறையில் உங்கள் தாத்தாவிடம், பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் உட்காருங்கள். எந்த வயதில் வேலைக்குப் போனார்கள், யாரிடம் கற்றார்கள், கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு, அவர்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் அவற்றை வாசிப்போம்.