வெக்கை நோயும் இங்கிலாந்தும்

மாடு என்னுஞ் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. அச்செல்வத்தைப் பல நூற்றாண்டுகளாகச் சூறையாடியது வெக்கை என்னும் கொள்ளைநோய். அயலிலிருந்து புகும் அத்தகைய நோயை எதிர்க்குமாறு யாதென்பதை இங்கிலாந்தின் வரலாறு இருமுறை உணர்த்திற்று.

1714இல் நோய் இலண்டனருகே தோன்றியபோது அந்நாட்டில் மிருக வைத்தியக் கல்லூரி எதுவும் இருக்கவில்லை. அரச மாளிகைச் சத்திர வைத்தியராகிய தோமஸ் பேற்ஸ், நோயுற்ற மாடுகளைக் கொன்றொழித்து, தொழுவங்களைக் கழுவி வெறுமையாக விட்டு, உடையவர்க்கு நட்டஈடும் வழங்குமாறு அறிவுறுத்தினார். நட்டஈடு இன்றேல் உழவன் நோயை மறைப்பான். மறைத்த மாட்டைச் சந்தைக்கும் அனுப்புவான். அரசு அவ்வுரையை ஏற்றது. சில மாதங்களுள் நோய் அடங்கிற்று.

1865இல், இரசியப் பேரரசின் றெவல் துறையிலிருந்து ஹள் துறைக்கு வந்த மாடுகளோடு நோய் மீண்டும் புகுந்தது. இப்பொழுது கற்றறிந்த மிருக வைத்தியர் இருந்தனர். எடின்பரோவிற் கல்லூரி நிறுவிய ஜோன் காம்ஜி, இவ்வபாயத்தை 1863இலேயே எச்சரித்திருந்தார்; நோயுற்றவற்றை உடனே கொல்லுதலே வழியென வற்புறுத்தினார். ஆயின் வணிகர் எதிர்த்தனர். மருந்து தேடியோர் காலம் போக்கினர். நூறாயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் நோயுற்ற பின்னரே, 1866 பெப்புருவரியில், பாராளுமன்றம் கட்டாயமாகக் கொல்லுதலையும் நட்டஈட்டையும் சட்டமாக்கியது. 1867இல் நோய் ஒழிந்தது.

பிற்காலத்தில் வால்ற்றர் பிளௌறைற் ஆக்கிய தடுப்பு மருந்து பெருந்துணையாக, 2011இல் வெக்கை உலகினின்றே நீங்கியதென அறிவிக்கப்பட்டது. எனினும் 1865ஆம் ஆண்டின் பேரிழப்புக்கு அறிவின்மை காரணமன்று. பேற்ஸ் காட்டிய வழி நூற்றைம்பது ஆண்டுகளாக இருந்தது. அதனை அறிந்தோர் சொல்லியபோது அரசு கேளாமையே காரணம் என்க.