பால் புட்டிங்கும் ஜவ்வரிசிப் பாயசமும்: கல்வராயன் அடிவாரத்தில் ஒரு கிழங்கின் வரலாறு

பிரிட்டனுக்குப் போகும் பயணிகள் தவறாமல் சுவைக்க வேண்டிய மரபு உணவுகள் என்று சொல்லப்படுபவற்றில் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் முதலில் வந்துவிடும். பால் புட்டிங் வகைகளுக்குப் பெரும்பாலும் கடைசி இடம்தான். அவற்றுள் சேகோ புட்டிங், மரவள்ளி மணியில் செய்யும் டாபியோகா புட்டிங் என்ற இரண்டும் கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்து வாசகருக்கு ஒரு கரண்டியிலேயே அடையாளம் தெரிந்துவிடும். பாலில் வெந்து கண்ணாடிபோல் ஆன மணிகள், சர்க்கரை, மணத்துக்கு ஒரு வாசனைப் பொருள்: நம் ஜவ்வரிசிப் பாயசத்தின் அமைப்பும் இதுதான். இந்த ஒற்றுமை தற்செயலானதல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆங்கிலேயரின் புட்டிங்கும் நம் பாயசமும் மலாயாவை மையமாகக் கொண்ட ஒரே கடல் வணிகத்தில் கிளைத்தவை. அந்த வணிகம் 1942இல் அறுந்ததுதான் ஜவ்வரிசித் தொழிலைச் சேலத்தில் தொடங்கி வைத்தது. கல்வராயன் அடிவாரம் வரை மரவள்ளியைப் பணப்பயிராக்கியதும் அந்தத் தொழில்தான்.

முதலில் பிரிட்டனைப் பார்ப்போம். சேகோ என்பது மொலுக்காஸ் தீவுகளிலும் அவற்றைச் சூழ்ந்த கீழைக் கடல் தீவுகளிலும் வளரும் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு. அதை மணியாக உருட்டிக் காயவைத்தால் கெடாது, கப்பலில் மாதக்கணக்கில் தாங்கும். இந்த ஒரு குணமே அதை இங்கிலாந்து வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. 1861இல் வெளிவந்த திருமதி பீட்டனின் இல்லறப் பெருநூலில் சேகோ புட்டிங்குக்கும் டாபியோகா புட்டிங்குக்கும் தனித்தனியே செய்முறை இருக்கிறது: பால், சர்க்கரை, முட்டை, வெண்ணெய், சேகோ புட்டிங்குக்கு மேலே ஜாதிக்காய்த் துருவல். சேகோவைப் போலவே ஜாதிக்காயும் மொலுக்காஸ் பக்கத்துச் சரக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். பாலும் முட்டையும் வெண்ணெயும் மட்டுமே உள்ளூர்ப் பொருள்கள்; மற்றதெல்லாம் கடல் கடந்து வந்தது. விக்டோரியா காலத்தில் இது நோயாளிக்குக் கொடுக்கும் மென்மையான உணவாகவும் மதிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் பள்ளி மதிய உணவுக்கு வந்து, பிள்ளைகள் வாயில் 'தவளை முட்டை' என்று பெயரும் வாங்கியது. நம் வீடுகளிலும் வயிறு சரியில்லாதவர்களுக்கு ஜவ்வரிசிக் கஞ்சி வைத்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். இனிப்பு, நோயாளியின் பத்தியம் என்று இரண்டு நாடுகளிலும் இந்த மணிக்கு ஒரே வகை வேலைகள் அமைந்ததை என் வாதத்துக்கு வலுவான சான்றாகக் கொள்கிறேன்.

சேகோ என்றால் அங்கே பனைமாவு, இங்கே மரவள்ளி மாவு. இரண்டையும் எப்படி ஒரே வரலாற்றில் சேர்ப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 19ஆம் நூற்றாண்டிலேயே மலாக்காவில் சீனத் தோட்டக்காரர்கள் மரவள்ளியைப் பெரும் பரப்பில் பயிரிட்டு, பனைமாவை மணியாக்கிய அதே வகை முறையில் மரவள்ளி மாவையும் மணியாக்கினர். சிங்கப்பூர்ச் சந்தையிலிருந்து இரண்டும் பக்கம் பக்கமாகக் கப்பலேறின. பாலில் வெந்த பிறகு உண்பவருக்குப் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. தாவரம் மாறினாலும் தொழில்நுட்பமும் சந்தையும் தொடர்ந்தன. உணவு வரலாற்றில் தாவரத்தைவிடக் கைமுறைக்கே நான் அதிக எடை தருவேன்.

கேரளத்தை முன்வைத்து எழும் மறுப்பு இதைவிடக் கனமானது. தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக மரவள்ளி மலபாருக்கு வந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் 1880களின் தொடக்கத்தில் அதை மக்களிடம் பரப்பினார். அப்படியிருக்க மலாயாவைத் தேடிப் போவானேன் என்பது அந்த வாதம். ஆனால் கேரளத்தில் பரவியது அவித்தும் குழம்பு ஊற்றியும் தின்னும் கிழங்கு. ஜவ்வரிசியாகும் ஆலைச்சரக்கின் வழி வேறு. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. கீழைக் கடலிலிருந்து வந்த மணிச் சேகோவும் மாவும் நின்றுபோயின. சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் சொல்லும் வரலாற்றின்படி, வியாபார நிமித்தம் கேரளம் போய்வந்த சேலத்து மாணிக்கம் செட்டியார், மலாயாவின் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவைச் சந்தித்தார். மரவள்ளியிலிருந்து மாவெடுக்கும் முறை ஷாவுக்குத் தெரிந்திருந்தது. 1943இல் சேலத்தில் தொழில் தொடங்கியது. கிழங்கு கேரளத்துடையது, கைமுறை பினாங்குடையது. அரசு திட்டமிட்டு வளர்த்த தொழில் இது என்றும் சொல்ல முடியாது. பஞ்சத்தைக் காரணம் காட்டி, கிழங்கை உணவாகவே உண்ண வேண்டும், ஆலைக்குக் கொடுக்கக் கூடாது என்று 1944இல் சேலம் கலெக்டர் தடைபோட்டதையும், உற்பத்தியாளர்கள் முறையிட்டு அதை நீக்கச் செய்ததையும் அதே வரலாறு பதிவு செய்கிறது.

அந்தக் கைமுறையை அருகில் நின்று பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். கழுவித் தோலுரித்த கிழங்கை அரைத்து, மாவுப்பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிடுவார்கள். மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அது மாட்டுத் தீவனமாகும். அடியில் படிந்த ஈரமாவை உதிர்த்துக் குலுக்கினால், மாவு தன்மேல் தானே ஒட்டி உருண்டு மணியாகிறது. சலித்தெடுத்த மணியைச் சூடான தட்டில் வறுத்தால் ஒருவகை ஜவ்வரிசி, ஆவியில் வேகவைத்தால் நைலான் ஜவ்வரிசி. கடைசியில் வெயில் வேண்டும், நிறைய வேண்டும். மழை குறைந்து வெயில் மிகுந்த சேலம், ஆத்தூர், சின்னசேலம் பகுதிக்கு இத்தொழில் பொருந்திப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆலைகள் பெருகியபின் கிழங்குக்கான தேவை மலையேறியது. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, தினை, கேழ்வரகு விளைவித்து உண்டவர்கள். மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. அதன்பின் சாலையும் லாரியும் வரவர, சரிவு நிலங்களில் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளி பணப்பயிராக இடம்பிடித்தது. சிறுதானியத்தை மரவள்ளி இடம்பெயர்த்த கதையைக் கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விரிவாக ஆராய்ந்திருக்கிறது. கல்வராயனையும் அந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கீழே கச்சிராயபாளையத்தில் 1965இல் கோமுகி அணை கட்டி முடிந்தது. பின்னர்க் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் வந்தது. கடல் கடந்த சரக்கு இல்லாமல் விக்டோரியா காலத்து புட்டிங் இல்லை. கச்சிராயபாளையத்திலோ பாயசத்துக்கு வேண்டிய ஜவ்வரிசி, சர்க்கரை, பால் மூன்றும் சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கின்றன. இறக்குமதிக்கு மாற்றாகத் தொடங்கிய தொழில் இந்த அளவுக்கு வேரூன்றியது பெருமைக்குரியது. தட்டிலிருந்து சாமை குறைந்தது அதற்குக் கொடுத்த விலை. அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எண்பது ஆண்டு வயதுள்ள தொழிலின் பொருளை மரபு உணவு எனலாமா என்று சிலர் தயங்குவார்கள். பிரிட்டனின் அடையாளமாகிய வறுத்த மீன், உருளைக்கிழங்குக் கடையே 1860 வாக்கில் யூதக் குடியேறி ஒருவர் லண்டனில் தொடங்கியதாகக் கருதப்படுகிறது. உருளைக்கிழங்கும் மரவள்ளியைப் போலத் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அதை மரபு என்று ஏற்றுக்கொண்டு, மகாராஷ்டிரத்தில் விரதத்துக்குச் சமைக்கும் ஜவ்வரிசிக் கிச்சடியையும் நம் வீட்டு ஜவ்வரிசி வடகத்தையும் மறுப்பது பொருந்தாது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இந்தத் தொழிலின் தொடக்க காலத்து ஆலைகளிலும் மலைச்சரிவுகளிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் இன்று முதியவர்கள். கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறையினர் அவர்களைத் தேடிச் சென்று, அவர்கள் சொல்வதை இப்போதே பதிவு செய்ய வேண்டும்.